யார் மடியில் காது குத்துவது?

திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டையில் பஸ் ஏறிச் செம்பட்டி போய்ச் சேருவதற்குள் ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை விசாரித்து முடித்துவிடலாம். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் ஏறுகிறாள். சீட்டில் இருப்பவர் நகர்ந்து இடம் கொடுக்கிறார், பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறார், கன்னத்தைக் கிள்ளுகிறார். அடுத்தது கேள்வி: "பிள்ள யாரு சாடை? ஒன்னைய உரிக்கலையே, அவுக அப்பாவா?"

கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நம் பக்கத்தில் குழந்தையைக் கொஞ்சுகிற முறையே அதுதான். மூக்கு அப்பாவுக்கு, நெற்றி அம்மாவுக்கு, முழி அப்பத்தாவுக்கு என்று உறுப்பு உறுப்பாகப் பங்கு வைத்து முடித்தால்தான் பிள்ளையைப் பார்த்ததாகக் கணக்கு. ஆனால் அந்தப் பிள்ளை தத்தெடுத்த பிள்ளையாக இருந்தால், செம்பட்டி வருவதற்குள் தாய் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். "ஆமா, அவுக அப்பாதான்" என்று சிரித்துவிட்டுப் போகலாம். "நாங்க எடுத்து வளக்குறோம்க்கா" என்று சொல்லலாம். முதல் பதிலில் பேச்சு நின்றுவிடும். இரண்டாவதில் பேச்சு தொடங்கும்: எங்கிருந்து, யாருடையது, என்ன ஆளுக, எவ்வளவு செலவு. இத்தனையும் பிள்ளையின் காதுக்கு அரை அடி தூரத்தில்.

தத்தெடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தை எழுதுகிறார்கள், இல்லையென்றால் கண்ணீரை எழுதுகிறார்கள். இடையில் கிடக்கும் அன்றாடத்தை, அதிலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போகும் பொழுதுகளை, யாரும் அதிகம் பார்ப்பதில்லை. எனக்கு அங்கேதான் விஷயம் இருப்பதாகப் படுகிறது. மாவட்ட ஆட்சியரின் கையெழுத்து ஒரு குழந்தையை ஒரு தம்பதியின் மகளாக்கிவிடும். அவளைப் பேத்தியாக, மருமகளாக, மதினியாக, தெருப்பிள்ளையாக ஆக்குவதற்கு ஆட்சியரிடம் அதிகாரம் கிடையாது. அந்த வேலையைப் பஸ்ஸும் கோயிலும் கல்யாண வீடும்தான் செய்கின்றன. கெடுக்க நினைத்தால் கெடுப்பதும் அவைதான்.

சாடை பற்றிய கவலை பஸ்ஸில் தொடங்கியதல்ல. தத்து பற்றிய பழைய வடமொழி நூல்களான தத்தக மீமாம்சையும் தத்தக சந்திரிகையும் தத்துப்பிள்ளைக்கு ஒரு தகுதி சொல்கின்றன: அவன் புத்திரனின் சாயை உள்ளவனாக இருக்க வேண்டும். முகச்சாடையை அவர்கள் சொல்லவில்லை. எவளைத் தத்தெடுப்பவர் முறைப்படி மணந்திருக்கலாமோ, அவள் வயிற்றுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அந்தக் கணக்கில் மகள் பிள்ளையும் சகோதரி பிள்ளையும் தள்ளுபடி. தெற்கே இது செல்லுபடியாகவில்லை. தமிழ்நாட்டில் பிராமணர்களிடையேகூட இந்த உறவுகளில் தத்தெடுக்கும் வழக்கம் உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நூல் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று செய்தது.

ஊர் செய்ததே சட்டம் என்று லண்டன்வரை போய் நின்ற வழக்கு நம் பக்கத்து வழக்குத்தான். இராமநாதபுரம் சமஸ்தானத்து ராணி, கணவர் இறந்த பிறகு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவர் முன்கூட்டியே அனுமதி கொடுக்காத நிலையில் விதவை தத்தெடுக்க முடியாது, ஆகவே சமஸ்தானம் சர்க்காருக்குச் சேர வேண்டும் என்றார் மதுரை கலெக்டர். திண்டுக்கல்லும் அன்றைக்கு அந்த மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தது. 1868 இல் பிரிவி கவுன்சில் ராணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. திராவிட தேசத்தில் கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட நூலையும் மிஞ்சும் என்பது அதன் சாரம். இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1707 இல் தொகுத்து வைத்த தேசவழமை என்ற வழக்கச் சட்டத்தில் தத்தெடுக்கும் சடங்கு வருகிறது. உறவினர் கூடியிருக்க, தத்தெடுக்கிறவர்கள் மஞ்சள் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தத் தத்தால் தங்கள் பங்கு குறையப்போகிற உறவினர், சம்மதம் என்றால், அந்த மஞ்சள் தண்ணீரில் விரலை நனைக்க வேண்டும். விரல் நனைக்காதவரை அந்தத் தத்து கட்டுப்படுத்தாது. நிலமும் பணமும் இருக்கிற வீடுகளின் சடங்கு அது, அதில் அன்பைத் தேடிப் பயனில்லை. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. தாயும் தகப்பனும் ஏற்றுக்கொண்டால் மட்டும் போதாது, சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கைநனைத்து ஏற்க வேண்டும் என்பதை அந்த ஊர் புரிந்து வைத்திருந்தது.

இந்த வழக்குகளில் பெரும்பாலும் தத்து என்றால் ஆண்பிள்ளைதான். கொள்ளி வைக்கவும் சொத்தைக் காக்கவும் மகன் வேண்டும், மகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பெண்ணைத் தத்தெடுக்கும் வழக்கத்தை நீதிமன்றங்கள் அங்கீகரித்தது பெரும்பாலும் தேவதாசிக் குடும்பங்களில்தான். 1956 ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்த பிறகே பெண் குழந்தையும் சட்டப்படி தத்துப்பிள்ளையானாள். அதிலிருந்து ஒரு தலைமுறைக்குள் காற்று திசை மாறிவிட்டது. இன்று இந்தியாவில் ஆண்டுதோறும் தத்துப்போகும் குழந்தைகளில் பெண்களே அதிகம். நல்ல செய்திதான். அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: கைவிடப்பட்டுக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்ததிலும் பெண் குழந்தைகளே அதிகம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி மழுப்பிப் பேச முடியாது. 1986 இல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலைகள் பத்திரிகையில் வந்து நாடே அதிர்ந்தது. 1992 இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாத குழந்தையைக் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, யாரென்று கேட்கமாட்டோம் என்பதுதான் திட்டம். 2001 இல் அது மதுரை, தேனி, தருமபுரி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் வந்தது. பெற்றவர்களின் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டு கைவிடுதலை எளிதாக்குகிறது என்று பெண்ணியவாதிகள் அப்போதே கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. தொட்டிலில் கிடந்தவள் இன்று உயிரோடு இருக்கிறாள் என்பதிலும் நியாயம் உண்டு. அன்று தொட்டிலுக்கு வந்தவளுக்கு இப்போது இருபதைத் தாண்டிய வயது. அவள் பிள்ளைக்கும் யாரோ பஸ்ஸில் சாடை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தொட்டில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. சித்தையன்கோட்டைக்காரர்களுக்குப் பக்கத்து ஊரான சின்னாளபட்டியை ஒட்டியிருக்கிறது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947 இல் தொடங்கியது. அதன் கஸ்தூரிபா மருத்துவமனையும் குழந்தைகள் இல்லமும் கைவிடப்பட்ட சிசுக்களை வாங்கி வளர்த்துத் தத்துக் கொடுத்து வந்திருக்கின்றன. குழந்தையில்லாதவர்கள் வைத்தியத்துக்குப் போகும் அதே வளாகத்தில் தாயில்லாத பிள்ளையும் வளர்வது தற்செயல்தான். எத்தனையோ குடும்பங்களுக்கு அது வழியாகவும் ஆகியிருக்கிறது.

இன்றைய காகித வழி நீளமானது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எழுதும் அறிக்கை, பிறகு காத்திருப்பு. காத்திருப்பு ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. 2024-25 இல் நாடு முழுக்கத் தத்துப்போன குழந்தைகள் 4,515. காத்திருக்கும் பெற்றோரோ பல பத்தாயிரம். முறை வந்து ஒரு குழந்தையின் விவரம் திரையில் தெரிந்தால் ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம். முன்பு நீதிமன்றம் கொடுத்த தத்தாணையை 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணியாளர் வந்து பார்ப்பார்.

இந்தக் காகிதங்களுக்குள் அன்றாடம் எட்டிப் பார்க்கும் இடங்கள் உண்டு. 2017 இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் விடுப்பு என்றது. குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் வயது இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையைத் தத்துக்குத் தகுதியுடையது என்று அறிவிக்கவே இரண்டு மாதம்வரை பிடிக்கும், ஒப்படைக்கப்பட்ட குழந்தை என்றால் பெற்றவள் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம். மிச்சமிருக்கிற சில வாரத்துக்குள் பதிவும் பொருத்தமும் பயணமும் முடிந்து குழந்தை வீடு வந்து சேர வேண்டியிருந்தது. சட்டம் எழுதியவர்கள் தத்துப்பிள்ளை பிரசவ வார்டிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வயது என்றதும் கண்டக்டர் நினைவுக்கு வருகிறார். தமிழ்நாட்டு அரசுப் பஸ்ஸில் ஐந்து வயதுவரை டிக்கெட் இல்லை. "பிள்ளைக்கு எத்தன வயசு?" என்பது அவருக்கு டிக்கெட் கேள்வி. தொட்டிலிலும் கோயில் வாசலிலும் கிடைத்த பிள்ளையின் பிறந்த தேதி மருத்துவர் உடம்பையும் பல்லையும் பார்த்துக் குறித்த மதிப்பீடு. சான்றிதழில் அச்சடித்த நாள்தான் பிறந்தநாள். அதனால் பல வீடுகளில் இரண்டு நாள் கொண்டாடுகிறார்கள்: சான்றிதழில் இருக்கும் நாள் ஒன்று, வீட்டுக்கு வந்த நாள் ஒன்று. முதல் நாள் மதிப்பீடு, இரண்டாவது நாள் நிச்சயம்.

கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு வெளியே போவது குதூகலம். நான்கைந்து வயதுக்கு மேல் காப்பகத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அது வேறு மாதிரி. காப்பகத்தில் எல்லாம் மணிப்படி நடக்கும், எல்லாம் கூட்டமாக நடக்கும். கடைக்குப் போய்ச் சில்லறை கொடுத்து மிட்டாய் வாங்கியிருக்காது. அடுப்படியில் சோறு கொதிப்பதைப் பார்த்திருக்காது, தட்டில் வந்து விழும் சோறுதான் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் அப்பளத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும். அதைத் திருட்டு என்று அதட்டுகிற பெரியம்மாக்கள் உண்டு. நாளைக்கும் சோறு உண்டு என்று அந்த உடம்பு இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று பையைக் கட்டும்போது நடக்கும். துணிப்பையை எடுத்து அதன் சட்டைகளை மடித்து வைத்ததும் பிள்ளையின் முகம் செத்துவிடும். சிலது ஒளிந்துகொள்ளும், சிலது அடம்பிடித்து அழும், சிலது அளவுக்கு மீறிச் சமத்தாகிவிடும். மூன்றாவதைத்தான் பெற்றோர் கண்டுபிடிக்கத் தவறுகிறார்கள். அது இதுவரை பார்த்த பயணங்களில் பை கட்டினால் இடம் மாறும், முகங்கள் மாறும், திரும்பி வருவது கிடையாது. நாம் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகிறோம் என்று குஷியாக இருக்கிறோம், பிள்ளை தன்னைக் கொண்டு விடப்போகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே முதல் வருடத்தில் கொடைக்கானலும் வேண்டாம், தீம் பார்க்கும் வேண்டாம் என்பேன். சித்தையன்கோட்டையிலிருந்து ஆத்தூர் காமராசர் அணை பக்கம். சாயங்காலம் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். போன வாரம் போன அதே இடம், அதே கரை, அதே மலை, வாங்கித் தின்ற அதே தின்பண்டம், திரும்பி வந்தால் அதே வீடு. பெரியவர்களுக்குச் சலிக்கும். பிள்ளைக்கு அந்தச் சலிப்புத்தான் மருந்து. போகும்போதே "ராத்திரிக்கு நம்ம வீட்டுலதான் தோசை" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி தோசை ஊற்றினால், பத்துத் தடவைக்குப் பிறகு ஏதோ ஒரு நாள் அது பஸ்ஸிலேயே தூங்கிவிடும். பயணத்தில் தூங்குகிற பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி, சொல்வதா மறைப்பதா என்ற பழைய வழக்கு. நம்மில் பலர் இன்றும் மறைக்கவே விரும்புகிறார்கள். வீடு மாற்றுகிறவர்கள் உண்டு. வயிற்றில் துணி கட்டிக்கொண்டு ஊரை நம்பவைத்த கதைகளும் காதில் விழுந்தபடிதான் இருக்கின்றன. 1964 இல் டேவிட் கிர்க் என்ற சமூகவியலாளர், தானே தத்தெடுத்த தகப்பன், ஒரு நூல் எழுதினார். பெற்ற பிள்ளைக்கும் தத்துப்பிள்ளைக்கும் வேறுபாடே இல்லை என்று சாதிக்கும் குடும்பங்களைவிட, வேறுபாடு உண்டு என்று ஒப்புக்கொண்டு வாழும் குடும்பங்களில் பிள்ளையோடு மனம்விட்டுப் பேச முடிகிறது என்பது அவர் கண்டது. 1980களில் டேவிட் பிராட்ஸின்ஸ்கி என்ற உளவியலாளர் நாலு முதல் பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளிடம் தத்து என்றால் என்னவென்று கேட்டு ஆராய்ந்தார். சின்னப் பிள்ளை 'நான் தத்துப்பிள்ளை' என்று கிளிபோலச் சொல்லும், பொருள் தெரியாது. ஏழெட்டு வயதுக்கு மேல்தான், என்னை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றால் அதற்கு முன்னால் ஒருவர் விட்டிருக்க வேண்டுமே என்ற கணக்கு அதற்கு விளங்கும். துக்கம் அப்போதுதான் வரும். அதுவரை ஜாலியாக இருந்த பிள்ளை திடீரென்று முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் பெற்றோர் அமுதாவிடம் அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளில் விஷயத்தைச் சொல்கிறார்கள். சினிமாவுக்கு அது சரி, இடி விழுந்தால்தான் கதை நகரும். வீட்டுக்கு அது சரிப்படாது. ஒரு நாள் குறித்து, உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிற செய்தியாக அதை ஆக்கினால் அத்தனை நாளும் மறைத்தோம் என்பதையும் சேர்த்தே சொன்னதாகும். பால் கொடுக்கும்போதே, குளிப்பாட்டும்போதே, "ஒன்னயக் கூட்டிட்டு வரப் போன அன்னைக்கு நல்ல மழை" என்று கதைபோலச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், எந்த நாளில் தெரிந்தது என்றே பிள்ளைக்கு நினைவிருக்காது. அப்படிப் பழகிய வீட்டுக்குப் பஸ் கேள்வியும் பெரிதல்ல. "எங்க சாடை இல்லக்கா, ஆனா கோவம் எங்க மாமியாரோடது" என்று தாய் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். எல்லாக் கதையையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடன் அவளுக்கு இல்லை. மறைப்பது ஒன்று, அடுத்தவருக்கு ஒப்பிக்காமல் இருப்பது வேறொன்று. அந்தக் கதை பிள்ளையின் சொத்து.

மற்ற ஊரில் இருக்கிறதோ இல்லையோ, நம்மூரில் ஒரு வினோதமான வம்பு உண்டு. பெற்ற பிள்ளையைப் பார்த்தே, "ஒன்னையத் தவிட்டுக்குல்ல வாங்கினோம்" என்று மாமன்மார் சீண்டுவார்கள். குப்பைத்தொட்டியில் எடுத்தோம், பூம்பூம் மாட்டுக்காரனிடம் வாங்கினோம் என்று வீட்டுக்கு வீடு பாடபேதம் இருக்கும். பிள்ளை அழும், எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு தூக்கிக் கொஞ்சுவார்கள். இந்தத் தவிட்டுக்குப் பின்னால் ஒரு சடங்கு இருக்கிறது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்த வீட்டில் அடுத்த பிள்ளையை யாருக்காவது கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். எமன் கண்ணில் அது இந்த வீட்டுப் பிள்ளையாகத் தெரியாது. பிச்சை, குப்பை என்று பேர் வைப்பதும் இதே தந்திரம். முருகனுக்குத் தத்துக் கொடுத்துவிட்டுத் தவிடு கொடுத்து மீட்கும் வேண்டுதல் இன்றும் சில கோயில்களில் நடக்கிறது. யோசித்துப் பார்த்தால், தத்து என்ற எண்ணத்தோடு இத்தனை நெருக்கமாக விளையாடிய ஊர், நிஜமாகவே தத்தெடுத்த பிள்ளை வந்து நின்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வது விசித்திரம்தான். அந்த வீட்டில் மட்டும் தவிட்டு வம்பை நிறுத்திவிடுங்கள் என்று சித்தப்பன் பெரியப்பன்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி முடித்துவைக்க முடியாத வம்பு அது.

செம்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகிற பஸ்ஸில், தலைக்கு மொட்டையும் காதுக்குத் தோடும் காத்திருக்கும் பிள்ளைகள் எப்போதும் நாலைந்து இருக்கும். இந்தப் பக்கத்தில் குழந்தையோடு போகும் முதல் பெரிய பயணம் பெரும்பாலும் பழனியோ குலதெய்வக் கோயிலோதான். அர்ச்சனைத் தட்டை வாங்கியதும் குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்பார். பிறந்த நேரமே தெரியாத பிள்ளைக்கு ஏது நட்சத்திரம்? சில பெற்றோர் வீட்டுக்கு வந்த நாளின் நட்சத்திரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். சிலர் "சாமி பேருக்கே பண்ணுங்க" என்பார்கள். குருக்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. இதே கேள்வி இருபது வருடம் கழித்து ஜாதகம் என்ற பேரில் வரும்போது அவ்வளவு லேசாகக் கடக்க முடியாது.

காது குத்துதான் நிஜமான பரீட்சை. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் சீர் கொண்டுவர வேண்டும்: தோடு, துணி, தேங்காய் பழத் தட்டு, வசதி இருந்தால் மேளம். கொடுத்தது இன்னது என்று எழுதிவைப்பார்கள். மாமன் வந்து மடியைக் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை அவன் தங்கச்சி பெற்றது. இதற்கு மேல் ஊருக்கு ஒரு சான்றிதழ் தேவைப்படாது. யாழ்ப்பாணத்து மஞ்சள் தண்ணீரில் விரல் நனைத்தார்களே, இங்கே அந்த விரல் தாய்மாமனின் மடி. வராத மாமன்களும் உண்டு. "எங்கிட்டோ பெத்ததுக்கு நான் எதுக்குச் சீர் செய்யணும்" என்று ஒருவன் சொல்லிவிட்டால், கலெக்டர் கொடுத்த ஆணையைச் சட்டம் போட்டு மாட்டினாலும் அந்தக் குறை தீராது. தத்தெடுக்க நினைப்பவர்களுக்குச் சமூகப் பணியாளர் கேட்கும் கேள்விகளோடு இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்: உங்கள் தம்பி மடி கொடுப்பாரா?

முன்பின் தெரியாத பிள்ளையை எடுப்பதைவிட உறவுக்குள் எடுப்பதே நமக்குப் பழக்கம். தங்கச்சி பிள்ளை, கொழுந்தன் பிள்ளை. 1956 சட்டப்படி பெற்றவர்கள் கொடுக்க, மற்றவர்கள் வாங்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள். ஹோமம் கட்டாயமில்லை. ஒருமுறை முறையாகக் கொடுத்துவிட்டால் ரத்து செய்யவும் முடியாது. தமிழ் இதற்குத் தோதான மொழி. பெரியம்மா, சின்னம்மா எல்லாருமே அம்மாதான், பெரியப்பா, சித்தப்பா எல்லாருமே அப்பாதான். பெற்றவளைச் 'சித்தி' என்று கூப்பிட்டு வளர்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தாய் ஒளிந்திருக்கிறாள். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது இரண்டு தாயும் ஒரே திண்ணையில் இருப்பார்கள். பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் யார் முதலில் எழுந்திருப்பது என்பது அந்தத் திண்ணையில் எழுதப்படாத விதி.

முறை மாறிவிடுகிற சிக்கல் வேறு உண்டு. ஒருவர் தன் அக்காள் மகனைத் தத்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை அவனுக்கு முறைப்பெண்ணாக இருந்த அவர் மகள் இன்றுமுதல் தங்கச்சி. தேருக்குப் போனால் ஊர்க்கிழவிகள் "மாமன் மகளா, கூடப்பொறந்தவளா?" என்று கேலி பண்ணியே தீருவார்கள். சட்டம் ஒரு பக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்திருக்கிறது: பிறந்த வீட்டில் யாரை மணக்கக் கூடாதோ அவர்களைத் தத்துப்போன பிறகும் மணக்கக் கூடாது.

சித்தையன்கோட்டையில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசம். அங்கே கணக்கு வேறு. தகப்பனை இழந்த எத்தீம் பிள்ளையை வளர்ப்பதைப்போல நன்மையான காரியம் இல்லை, நபியவர்களே எத்தீமாக வளர்ந்தவர். ஆனால் வளர்க்கிற பிள்ளைக்குப் பெற்ற தகப்பன் பேரை மாற்றி வளர்த்தவர் பேரைப் போடக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. வாரிசுரிமை தானாக வராது. உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது தானமாக, எழுதிக் கொடுக்கலாம், வசிய்யத் என்னும் உயிலாக மூன்றில் ஒரு பங்குவரை வைக்கலாம். பிள்ளை பெரியதானால் மஹ்ரம், அதாவது மணமுறைக்கு விலக்கான நெருங்கிய உறவு, இல்லையே என்ற பிரச்சினை வரும். இரண்டு வயதுக்குள் தாய்ப்பால் கொடுத்திருந்தால் பால்குடி உறவு உண்டாகி அது நீங்கும். 2014 இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், விரும்புகிற எவரும் எந்த மதத்தவராயினும் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம், விரும்பாதவர் தம் மதச் சட்டப்படி இருக்கலாம் என்றது. அதற்கு முன் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இருந்தது பெரும்பாலும் 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம்தான், வளர்க்கலாம், பெற்றோர் ஆக முடியாது. பேரை மறைக்காதே என்ற அந்த விதியைப் பலர் கடுமை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'அத்தா' என்று கூப்பிட்டுக்கொண்டே, தனக்கு வேறொரு தகப்பன் பேர் உண்டு என்பது முதல்நாளிலிருந்தே தெரிந்து வளரும் பிள்ளை, உளவியலாளர்கள் பின்னாளில் ஆராய்ந்து சொன்ன இடத்தில்தான் வந்து நிற்கிறது.

எல்லாப் பயணத்திலும் நீண்டது ஒன்று மிச்சம் இருக்கிறது. பதினெட்டோ இருபதோ ஆனதும் சில பிள்ளைகள், எல்லோரும் அல்ல, தாங்கள் கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். சட்டம் அதை வேர்தேடல் என்கிறது. பதினெட்டு நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்னால் என்றால் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவள் விரும்பாவிட்டால் அவள் அடையாளம் வெளியே வராது. தொட்டிலில் கிடந்தவளுக்கு அந்தத் தடைகூடத் தேவையில்லை. யாரென்று கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தானே தொட்டிலை வைத்தார்கள்.

அப்படிப் போகிற நாளில் அம்மாவும் அப்பாவும் கூடப் போவது நல்லது. இவள் நம்மை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் வயிற்றில் இருக்கத்தான் செய்யும். பை கட்டும்போது அன்று பிள்ளைக்கு இருந்த பயம் இன்று இடம் மாறி இவர்களிடம் வந்திருக்கிறது. அலுவலகத்தில் கோப்பைத் தேடி எடுக்க நேரமாகும். உள்ளே அதிகம் இருக்காது: வந்த தேதி, உத்தேச வயது, எடை, ஒரு போட்டோ, குழந்தை நலக் குழுவின் ஆணை. மகள் அதைப் பத்து நிமிஷத்தில் படித்து முடித்துவிட்டு இன்னும் ஒருமுறை எடையைப் பார்ப்பாள். வெளியே வந்தால் வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். எல்லோருக்கும் பசிக்கும். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இறங்கிப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, செம்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டாகப் பார்த்து உட்கார வேண்டும்.